செவிவழிக் கதையும் சாதிக் கட்டும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்றிரவு இந்த மேடையில் முத்துப்பட்டன் கதை வில்லுப்பாட்டாக நடக்கவிருக்கின்றது. அதற்கு முன்னால் சிறிது நேரம் நான் ஏதாவது பேசவேண்டும் என்று வாசகசாலைத் தோழர்கள் கட்டளையிட்டார்கள். வில்லுப்பாட்டுக் கேட்க வந்தவர்கள் முன்னால் பிரசங்கம் செய்வதென்பது, பந்தியில் உட்கார்ந்து இலையைத் துடைத்துவிட்டவனிடம் சமையல் விவரம் சொல்லுவது போன்ற காரியம். அப்படியிருந்தும் நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், எனக்குப் பேசவேண்டியிருப்பதே அந்தக் கதையைப் பற்றித்தான்.

நான் பண்டிதனல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவன். பிற்பாடு படித்ததெல்லாம், துணி வெட்டுகின்ற மேஜையின் மேல் புத்தகத்தை விரித்து வைத்து, வாடிக்கைக்காரர் வராத நேரத்தில் படித்ததுதான். ஆனால் என் கைக்குப் புத்தகம் வருவதற்கு வெகு காலத்திற்கு முன்னாலேயே என் தலைக்குள் ஒரு புத்தகசாலை இருந்தது. அதை வைத்தவள் என் ஆச்சி. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சோறு பிசைந்து ஊட்டும்போதும், திண்ணையில் படுக்கப் போட்டுத் தட்டிக்கொடுக்கும்போதும் அவள் சொன்ன கதைகளை, நான் பின்னால் படித்த எந்தப் புத்தகமும் இதுவரை முற்றிலும் வெளியேற்றவில்லை.

ஒரு கேள்வி கேட்கின்றேன். மனுதர்ம சாஸ்திரத்தை முதலிலிருந்து முடிவுவரை படித்தவர் இந்தக் கூட்டத்தில் யாராவது உண்டா? உண்டானால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை. நல்லது. அப்படியானால், எந்தத் தெருவில் எவன் நடக்கலாம், எவன் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், வயதில் மூத்தவனாயிருந்தாலும் எவனை 'வாடா' என்று கூப்பிடலாம் என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் பையனாயிருந்தபோது எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்பது எனக்கு நன்றாய்த் தெரியும். அதை நான் எந்த ஏட்டிலும் படிக்கவில்லை. எந்த வாத்தியாரும் கரும்பலகையில் எழுதிப்போடவில்லை. வாய் சொன்னது, காது கேட்டது, அவ்வளவுதான். சாஸ்திரத்தை எரித்தாலும் சாதி எரியாததற்குக் காரணம் இதுதான். புத்தகத்தில் இருப்பது கொஞ்சம். வாயில் இருப்பதே அதிகம்.

அல்லாமலும், எழுதினதற்கு ஆசிரியன் என்று ஒருவன் உண்டு. அவனை எதிர்த்துக் கேட்கலாம். ஒரு பதிப்பை இன்னொரு பதிப்போடு வைத்துப் பார்த்து, 'இங்கே மாற்றியிருக்கின்றாய்' என்று பிடிக்கலாம். பாட்டி சொன்ன கதைக்கு ஆசிரியன் யார்? அவளுடைய பாட்டி. அவளுக்கு? அவளுடைய பாட்டி. கடைசியில் யாரையும் பிடிக்கமுடியாது. மாறினாலும் மாறின தடம் தெரியாது. 'பெரியவர்கள் சொன்னது' என்ற ஒரே முத்திரையோடு நேற்றுச் சேர்த்ததும் ஆயிரம் வருஷத்து உண்மையாகிவிடும். இந்தச் சங்கதியை மாத்திரம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமது நாட்டில் வாய்மொழி என்பது இரண்டு தினுசாக இருந்து வந்திருக்கின்றது. ஒன்று வேதம். அதற்குச் 'சுருதி' என்று பெயர். கேட்கப்படுவது என்று அர்த்தம். அதை மாறாமல் காப்பாற்ற அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு இருக்கின்றதே, அதை மெச்சாமல் இருக்க முடியாது. கனபாடம் என்று ஒரு முறை. முதற்சொல்லையும் இரண்டாஞ்சொல்லையும் சொல்லி, பிறகு அவற்றைத் தலைகீழாகச் சொல்லி, பிறகு மூன்று சொற்களையும் வரிசையாகச் சொல்லி, மறுபடி தலைகீழாகச் சொல்லி, மறுபடி வரிசையாகச் சொல்லவேண்டும். இந்தப்படி கடைசிவரை கோத்துக்கொண்டு போனால் ஒரு எழுத்துத் தவறினாலும் காது கண்டுபிடித்துவிடும். 2003-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ சபை இந்த ஓதும் முறையை உலகத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. ஞாபகசக்தியின் சாமர்த்தியம் என்ற அளவில் அது சரிதான். ஆனால் அதே சுருதியைச் சூத்திரன் கேட்டுவிட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றவேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரத்தில் எழுதி வைத்தவர்களும் அவர்களே. சொல் மாறக்கூடாது, கேட்பவனும் மாறக்கூடாது என்பது அந்த ஏற்பாடு.

இன்னொரு தினுசு நம்முடையது. தாலாட்டு, ஒப்பாரி, பழமொழி, கதைப்பாட்டு, வில்லுப்பாட்டு. இதற்குக் கனபாடம் கிடையாது, காவலும் கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம்; யார் வேண்டுமானாலும் ஒரு அடியைக் கூட்டலாம், குறைக்கலாம். இது நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் காவலில்லாத தோட்டத்திற்குள் யார் யார் நுழைந்தார்கள் என்று பார்க்கவேண்டாமா?

இப்பொழுது முத்துப்பட்டனுக்கு வருகின்றேன்.

கதை உங்களுக்குத் தெரியும். முத்துப்பட்டன் பார்ப்பனன், சகோதரர் எழுவரில் இளையவன். வீட்டைவிட்டுப் போய் மலையாளத்துப் பக்கம் ஓர் அரசனிடம் வேலை பார்த்துத் திரும்பி வருகையில், காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைக் கண்டு ஆசைப்படுகின்றான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை. சக்கிலியர் என்று அக்காலத்தில் சொல்லப்பட்ட அருந்ததியர் குலத்தவன். பார்ப்பனன் பெண் கேட்கின்றான் என்றதும் பகடை என்ன செய்தான்? பல்லை இளித்துக்கொண்டு கொடுத்துவிட்டானா? இல்லை. 'குடுமியை அறு, பூணூலை அறு, தோல் வேலை கற்றுக்கொள், செருப்புத் தைத்துக் கொண்டுவா. பிறகு பார்க்கலாம்' என்றான். தோழர்களே! எந்தச் சபையும் எந்தச் சங்கமும் இல்லாத காலத்தில் ஒரு தோல் தொழிலாளி பார்ப்பனனுக்கு நிபந்தனை போட்டான் என்று நமது ஜனங்கள் ராத்திரி முழுவதும் பாடிக்கொண்டிருந்திருக்கின்றார்கள். இதை எந்த ராஜா கல்வெட்டில் வெட்டி வைத்தான்? எந்தப் புலவன் காவியம் செய்தான்? வாய்மொழி இல்லாவிட்டால் இந்த ஞாபகமே நமக்குக் கிடைத்திராது. ஆகையால் வில்லுப்பாட்டைக் குறை சொல்ல வந்தவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம்.

முத்துப்பட்டன் அப்படியே செய்தான். சகோதரர்கள் அவனைப் பிடித்து அடைத்து வைத்தும் தப்பிவந்து செய்தான். பெண்களை மணந்தான். மாமனாருக்காக மாட்டுக் கிடையைக் காக்கப் போய், மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். இரண்டு பெண்களும் அவனோடு தீயில் இறங்கினார்கள்.

நெல்லையில் இருந்துகொண்டு நாட்டுப்பாடல்களை ஆராய்ந்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. அவர் இந்தக் கதையைப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் மூலம் அச்சிட்டார். அதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கதைக்கு ஒரு முன்கதை சேர்க்கப்பட்டிருக்கின்றது. என்னவென்றால், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பகடைக்குப் பிறந்தவர்கள் அல்லவாம். பார்ப்பன வயிற்றில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்களாம். பகடை எடுத்து வளர்த்தானாம்! இது பிற்பாடு ஒட்டப்பட்டது என்பது வானமாமலை அவர்களின் முடிவு.

ஒட்டினவனுடைய கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். கதையில் ஒரு அடியைக்கூட அவன் அழிக்கவில்லை. குடுமி அறுத்தது அப்படியே இருக்கின்றது, செருப்புத் தைத்தது அப்படியே இருக்கின்றது. பிறப்பை மாத்திரம் மாற்றிவிட்டான். அதோடு காரியம் முடிந்தது. பார்ப்பனன் பார்ப்பனத்தியைத்தான் கட்டினான். சாதி எங்கே கலந்தது? பகடை நிபந்தனை போட்டதும் வீண், பட்டன் பூணூலை அறுத்ததும் வீண். கேட்கின்றவனோ விடிய விடியக் கேட்டு, கண்ணீர் விட்டுவிட்டு, சாதிக்கு ஒரு குறையும் வராமல் வீட்டுக்குப் போகலாம்.

இது முத்துப்பட்டன் ஒருவனுக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல. மதுரைவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னான், செல்லி என்ற தோல் தொழிலாளிகளின் பிள்ளையாய் வளர்ந்தவன். பாளையக்காரன் மகள் பொம்மியைக் கொண்டுபோய்க் கல்யாணம் செய்தவன். கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். அவனும் அவர்கள் பிள்ளையல்லவாம், காசி ராஜாவின் பிள்ளையாம்! கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் போடப்பட்டானாம்! 1956-இல் வந்த சினிமாவிலும் இந்தக் காசி ராஜாதான் வந்தார். தோல் தைக்கின்ற வீட்டில் ஒரு வீரன் பிறக்கமுடியாதா என்று அந்தச் சமூகத்தவர் கேட்டால் அதற்கு இன்றுவரை என்ன பதில்? நந்தனுக்கும் இதே கதிதான். பெரியபுராணத்தில் அவன் தீயில் இறங்கி, பூணூலோடு முனிவனாய் எழுந்த பிறகுதான் கோவிலுக்குள் போகிறான். மற்றவர்களுக்குப் பிறப்பை முன்னால் மாற்றினார்கள். நந்தனுக்குப் பின்னால் மாற்றினார்கள். பிறப்பை மாற்றாமல் உள்ளே விடமுடியாது என்பது மாத்திரம் மாறவில்லை.

பாரபட்சமில்லாமல் பார்த்தால், அண்ணாவியின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொடை நடத்துகின்ற ஊரார் கொடுக்கின்ற கூலிதான் அவருக்குச் சோறு. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் ஊர்ப் பெரிய மனிதர். அவர் முகம் சுளித்தால் அடுத்த வருஷம் அழைப்பு வராது. அப்பொழுது கதை தானாகவே சிறிது வளைந்து கொடுக்கும். மேலும், வில்லுப்பாட்டில் ஒரு வினோதம் உண்டு. அண்ணாவி ஒரு அடி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' என்பார். அதற்கென்றே ஒரு ஆள்! வீசுகோல் அடிப்பதற்கு ஒருவர், குடம் தட்டுவதற்கு ஒருவர், உடுக்கைக்கு ஒருவர் என்பதுபோல ஆமா போடுவதற்கும் ஒருவர். சிறு வயதில் எனக்கு அது வெறும் வேடிக்கையாயிருந்தது. இப்பொழுது பார்த்தால், நம்முடைய சமூகம் முழுவதுமே அந்த ஆளின் உத்தியோகத்தைத்தான் பார்த்து வருகின்றதோ என்று தோன்றுகின்றது.

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்தையனார் கோவிலுக்கு உங்களில் அநேகர் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயன் என்ற பெயரில் முத்துப்பட்டன் சாமியாக இருக்கின்றான். அவனுக்குக் காணிக்கை என்ன? தோற்செருப்பு. கட்டுக்கட்டாய்த் தொங்கும். சாமி ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கின்றாராம். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அடி தேய்ந்திருக்குமாம். செருப்புத் தேய்வது மழையிலா வெயிலிலா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். நான் கேட்பது வேறு. செத்துப்போன ஒருவனுக்குக் காட்டில் நடக்கச் செருப்புத் தைத்துக் கொடுத்த இதே தமிழ்நாட்டில்தான், உயிரோடிருக்கின்ற தாழ்த்தப்பட்டவன் மேல்சாதித் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனான். இரண்டையும் ஒரே ஜனங்கள், ஒரே காலத்தில், யாதொரு கூச்சமுமின்றிச் செய்தார்கள். இது எப்படி முடிந்தது?

எனக்குத் தோன்றுகின்ற காரணம் இது. சாதி மீறினவனை உயிரோடு வைத்திருந்தால் அவன் வழி நாலு பேர் போவார்கள். செத்துச் சாமியாகிவிட்டால் அவனைக் கும்பிடலாமே ஒழியப் பின்பற்ற முடியாது. கொடையில் எந்தக் கட்டத்தில் சாமி வந்து ஆடுகின்றது? நடுச்சாமத்தில், அவன் வெட்டுப்பட்டுச் சாகின்ற கட்டம் பாடப்படும்போது. அவன் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தான் என்று பாடினால் யாருக்கும் சாமி வராது. அநியாயமாய்ச் செத்தவன் ஆவி பழிவாங்கும் என்ற பயமும், செய்த காரியத்தில் கொஞ்சம் வெட்கமும் சேர்ந்து பீடம் கட்டுகின்றன. இந்தக் கதைகளைக் காதில் வாங்கி வளர்ந்த பிள்ளைக்கு ஒன்று மாத்திரம் உறுதியாய்ப் பதிந்துவிடும். சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவன் சாவான் என்பது.

இது பழங்கதை என்று யாரும் சமாதானம் அடையவேண்டாம். 2016-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் உடுமலைப்பேட்டையில், வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு தாழ்த்தப்பட்ட வாலிபரைப் பட்டப்பகலில், கடைத்தெருவில், அத்தனை பேர் பார்க்க வெட்டிக் கொன்றார்கள். அது காமிராவில் பதிந்து நாடே பார்த்தது. வெட்டினவர்கள் எந்தச் சாஸ்திரத்தைப் படித்தார்கள்?

இனி என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லக் கொஞ்சம் வெட்கமாய்த்தான் இருக்கின்றது. எங்கள் சாதி இன்னதென்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் என்னைச் சொந்தக்காரனாக்கிக்கொள்வீர்கள், மீதிப்பேர் எழுந்து போவீர்கள்.

இருபது வருஷத்திற்கு முன்னால் என் சிற்றப்பா மகள், எனக்குத் தங்கை, தாழ்த்தப்பட்ட குலத்துப் பையன் ஒருவனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் மின்சார வேலை செய்பவன், யோக்கியன். மூன்று வருஷம் வீட்டுப்படி மிதிக்க விடவில்லை. அப்புறம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. என் ஆச்சி அப்பொழுது உயிரோடிருந்தாள். பேத்தியின் குழந்தையைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று அவள் பிடிவாதம் செய்ததால் அவர்களை வரவழைத்தார்கள். வரவழைத்தால் சொந்தக்காரர்கள் கேட்பார்களே! அதற்கு ஆச்சி ஒரு வழி செய்தாள். என்ன வழி என்று ஊகித்திருப்பீர்கள்.

மாப்பிள்ளையின் தாத்தா உண்மையில் நம்ம சாதிப் பிள்ளையாம். ஒரு வெள்ளக் காலத்தில் தாமிரபரணியில் அடித்துக்கொண்டு வந்தானாம். அந்தக் குலத்தார் கரையில் எடுத்து வளர்த்தார்களாம். காதில் நம்மவர்கள் போடுகின்ற கடுக்கன் இருந்ததாம். முதலில் இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். ஆறு மாதத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியே ஆச்சியிடம் வந்து, 'உங்க மாப்பிள்ளை வீட்டுக் கதை தெரியுமா?' என்று ஆரம்பித்துவிட்டாள். பிறகு கடுக்கனுக்குக் கல் பதித்தாயிற்று, சிவப்புக் கல் என்று! எல்லோருக்கும் சௌகரியம். பெண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம், சாதியும் பிழைக்கும்.

ஆச்சி கெட்டவளல்ல. பேத்தியைச் சேர்த்துக்கொள்ள அவளுக்கு வேறு கருவி கிடையாது. கதைதான் அவளுக்குத் தெரிந்த கருவி. கத்தி எடுக்கின்ற ஊரில் அவள் கதை எடுத்தாளே என்று எண்ணி நானும் சும்மா இருந்துவிட்டேன். சும்மா இருந்ததாவது பரவாயில்லை. ஒரு சீமந்த வீட்டுப் பந்தியில், ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, 'வெள்ளத்தில் வந்த பிள்ளை வகையாமே?' என்று கேட்டார். மாப்பிள்ளை எனக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தார். சாதி ஒழிப்பைப்பற்றி ஊர் ஊராய்ப் பேசுகின்ற நான், கலகம் வேண்டாமென்று, 'ஆமா' என்றேன். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்து ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய தாத்தாவை அன்றைக்கு நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பறித்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் குழந்தைக்கு இப்பொழுது பதினாறு, பதினேழு வயது. போன வருஷம் கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவள், 'மாமா, எங்க அப்பாவோட தாத்தா ஆத்துல வந்தவராமே, நிசமா?' என்று கேட்டாள். நிசமில்லை என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், 'அப்ப நீங்களும் ஆமான்னுதான் சொன்னீங்களா மாமா?' என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். பதில் வரவில்லை. வாயால் சொல்லாமல் தலையை மாத்திரம் ஆட்டினேன்.

அவள் அதோடு விடவில்லை. நேரே தகப்பனைப் பெற்ற பாட்டியிடம் போய், 'தாத்தாவோட அப்பா யாரு, என்ன வேலை செய்தாரு, எந்த ஊரு' என்று உட்கார்ந்து கேட்டிருக்கின்றாள். அந்த அம்மாள் பல வருஷமாக அந்தக் கடுக்கன் கதையைப் பொறுத்துக்கொண்டிருந்தவர். ஆற்றில் வந்த கதை ஒன்றும் இல்லை. வாய்க்கால் வெட்டின கதை இருக்கின்றது, கூலியை அளக்கும்போது மரக்காலைச் சாய்த்துப் பிடித்தவனைக் கையைப் பிடித்துக் கேட்ட கதை இருக்கின்றது, அதற்காக ஊரைவிட்டுப் போகவேண்டி வந்து, ரயில் பாதை வேலையில் சேர்ந்த கதை இருக்கின்றது. பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதையெல்லாம் எழுதிக்கொண்டு வருகின்றாள். சொன்ன பாட்டியின் பெயர், தேதி எல்லாம் போட்டு எழுதுகின்றாள். இரண்டாவது தடவை சொல்லும்போது மாறினால் அதையும் பக்கத்தில் குறிக்கின்றாள். எட்டாவது படித்த எனக்கு இது தோன்றவில்லை.

கருவி நம்முடையதுதான் தோழர்களே. நந்தன் கதையைக் காலட்சேபமாய்க் கேட்டுக் கேட்டு அழுதுகொண்டிருந்த ஜனங்களுக்கு, 1949-இல் 'நல்லதம்பி' என்ற படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், அதே காலட்சேபக் கட்டையைத் தட்டிக்கொண்டு கிந்தன் கதையைச் சொன்னார். நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கினான். கிந்தன் படிப்புக்கு ஏங்கினான். நந்தன் தீயில் இறங்கினான். கிந்தன் ரயிலில் ஏறினான். ஜனங்கள் சிரித்தார்கள். அதே காது, அதே மெட்டு.

அண்ணாவி அவர்களிடம் சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தேன். காட்டில் கிடந்த குழந்தைகள் கட்டத்தைப் பாடுவீர்களா என்று கேட்டேன். 'எங்க வாத்தியார் பாடுவார், நானும் பாடிக்கிட்டுதான் இருக்கேன்' என்றார். பிரதியில் பின்னால் சேர்ந்த விவரத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டு, 'அதை விட்டுட்டுப் பாடினா எப்படி இருக்கும்னு இன்னிக்குப் பாத்திருவோம்' என்றார். ஆமா போடுகின்ற தோழர் பக்கத்திலேதான் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வில்லைக் கட்டி முடித்துவிட்டார்கள். குடத்தையும் கொண்டுவந்து வைத்தாயிற்று. நான் உட்காருகின்றேன்.